கைக்குழந்தையும் ராட்சச ராட்டினமும்

கோடை விடுமுறை விட்டதும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "இந்த வருஷம் எங்கே போகலாம்?" என்பதுதான். முன்பெல்லாம் இதற்கு ஒரே பதில் இருந்தது: தாத்தா வீடு. வேலூரோ, காஞ்சிபுரமோ, கும்பகோணமோ, மூட்டை முடிச்சுகளோடு ரயிலேறினால் ஒரு மாதத்துக்குப் பிள்ளைகளைப் பற்றிய கவலை கிடையாது. இன்றோ பல வீடுகளில் தாத்தா பாட்டியே நம்மோடு திருப்பதிக்கும் சித்தூருக்கும் வந்துவிட்டார்கள். ஊரிலுள்ள வீடு பூட்டிக் கிடக்கிறது, அல்லது வாடகைக்கு விடப்பட்டிருக்கிறது. தாத்தா வீடு இருந்த இடத்தைத் தீம் பார்க் எனப்படும் உல்லாசப் பூங்கா பிடித்துக்கொண்டு விட்டது.

இதில் தவறு ஒன்றுமில்லை. வருடம் முழுவதும் உழைக்கிற குடும்பம் ஒரு நாள் சிரித்துவிட்டு வருவதை யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் எட்டு மாதக் கைக்குழந்தையையும், இப்போதுதான் நடை பழகிய ஒன்றரை வயதுக் குழந்தையையும் தூக்கிக்கொண்டு, சித்திரை வெயிலில், நூற்றைம்பது கிலோமீட்டர் பயணம் செய்து அந்தப் பூங்காக்களுக்குள் நுழைகிற வழக்கம் நம்மிடையே பெருகி வருகிறதே, அதைப் பற்றித்தான் அன்பர்களோடு சற்றுப் பேச விரும்புகிறேன்.

நான் ரயில்வேயில் பெட்டி பராமரிப்புப் பிரிவில் காலம் தள்ளியவன். அங்கே ஒரு விதி உண்டு. ஒரு வண்டியில் இருபது பெட்டிகள். பத்தொன்பது பெட்டிகள் மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் ஓடத் தகுதியானவை. ஒன்று மட்டும் 75 கி.மீ.க்குத்தான் தகுதியானது என்று வைத்துக்கொள்வோம். அந்த வண்டி முழுவதும் 75-ல்தான் ஓடியாக வேண்டும். எஞ்சினுக்கு எத்தனை குதிரை சக்தி என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. குடும்பத்தோடு வெளியே கிளம்பும் நாளுக்கும் இதுவே விதியாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. வீட்டில் யார் மிகச் சிறியவரோ, அவருடைய அளவுதான் அன்றைய நாளின் அளவு.

யாருக்காகக் கட்டப்பட்டவை?

தீம் பார்க் என்ற எண்ணத்துக்கு வித்திட்டவரே குழந்தைகளை மனதில் வைத்துத்தான் தொடங்கினார். வால்ட் டிஸ்னி தம் இரு பெண் குழந்தைகளைக் குடை ராட்டினத்தில் ஏற்றிவிட்டு, பூங்கா பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தபோது, பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் இல்லையே என்று எண்ணினாராம். அதன் பலனாக 1955-ம் ஆண்டு ஜூலை 17-ம் தேதி கலிபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டது. அவர் ஒரு ரயில் பித்தர். தம் வீட்டுத் தோட்டத்திலேயே சிறிய நீராவி ரயில் விட்டவர். டிஸ்னிலேண்டைச் சுற்றியும் முதல் நாளிலிருந்தே ரயில் ஓடியது. அதே 1955-ல் அக்டோபர் 2-ம் தேதி நம் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலையைப் பிரதமர் நேரு தொடங்கி வைத்தார் என்பது என்போன்ற ரயில்வேக்காரர்களுக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

நம் நாட்டில் 1984-ல் டெல்லியில் திறக்கப்பட்ட அப்பு கர் இவ்வகைப் பூங்காக்களுக்கு வழிகாட்டி. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியின் சின்னமான யானைக்குட்டி அப்புவின் பெயரைத் தாங்கிய அது 2008-ல் மூடப்பட்டுவிட்டது. சென்னைப் பக்கம் வி.ஜி.பி., தாம்பரம் அருகே கிஷ்கிந்தா, முட்டுக்காட்டில் எம்.ஜி.எம்., பூவிருந்தவல்லியை அடுத்து குயின்ஸ்லேண்ட் என்று வரிசையாக வந்தன. கொச்சியில் 2000-ல் தொடங்கிய வீகாலேண்ட் பின்னர் வொண்டர்லா ஆகி, 2005-ல் பெங்களூருக்கும், 2016-ல் ஹைதராபாத்துக்கும், 2025 டிசம்பரில் சென்னைக்கு அருகே திருப்போரூர்ப் பக்கமும் வந்துவிட்டது.

இவை ஒவ்வொன்றும் முந்தியதை விட உயரமாகவும் வேகமாகவும் ராட்டினம் வைத்துத்தான் கூட்டத்தைச் சேர்க்கின்றன. விளம்பரத்தில் காட்டப்படுவது தலைகீழாகத் தொங்கும் இளைஞர்கள்தான். குடை ராட்டினத்துப் பிஞ்சுகளுக்காகப் பிறந்த எண்ணம், கல்லூரி மாணவர்களுக்கான இடமாக வளர்ந்துவிட்டது. அதைக் குறை சொல்வதற்கில்லை. அவர்களுக்கும் ஓர் இடம் வேண்டுமே. ஆனால் அது நம் கைக்குழந்தையின் இடம் அல்ல என்பதை நாம்தான் உணர வேண்டும்.

உயரக் கோல் சொல்லும் உண்மை

வொண்டர்லா பூங்காக்களில் 85 செ.மீ. உயரத்துக்குக் குறைந்த குழந்தைக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. உலக சுகாதார அமைப்பின் வளர்ச்சி அட்டவணைப்படி இரண்டு வயதுக் குழந்தையின் சராசரி உயரம் சுமார் 86, 87 செ.மீ. ஆகவே இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பெரும்பாலும் டிக்கெட் வேண்டாம். "குழந்தைக்கு இலவசம்தானே" என்று நாம் மகிழ்ந்து போகிறோம். அங்குள்ள பெரும்பாலான ராட்டினங்கள் அக்குழந்தைக்கு இல்லை என்பதுதான் அந்த இலவசத்தின் உட்பொருள்.

ஒவ்வொரு ராட்டினத்தின் வாசலிலும் நட்டிருக்கும் உயரக் கோலைக் கண்டால் நம்மவர்களுக்குக் கோபம் வருகிறது. "ரெண்டு விரக்கடைதானே குறையுது, விடுப்பா" என்று காவலாளியிடம் வாதாடுகிறார்கள். குழந்தையைக் குதிகாலில் எம்பி நிற்கச் சொல்பவர்களும் உண்டு. அந்தக் கோல் எதற்கு என்று தெரிந்தால் இப்படிச் செய்ய மாட்டார்கள்.

ராட்டினத்தில் நம்மைப் பிடித்து வைத்திருப்பது தொடையின் மேல் இறங்கும் இரும்புத் தண்டு. இருவருக்கு ஒரே தண்டாக இருந்தால், அது பருத்தவரின் தொடையில் பட்டவுடன் நின்றுவிடும். அருகில் இருக்கும் குழந்தையின் தொடைக்கும் தண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கும். அப்பா இறுகப் பிடிக்கப்பட்டிருப்பார், குழந்தை பிடிக்கப்படாமலே இருக்கும். தனித்தனித் தண்டு என்றாலும், அது பெரியவர்களின் எலும்புக்கட்டுக்கு அளவெடுத்துச் செய்யப்பட்டது. உயரக் கோல் என்பது குழந்தையின் உடல் அந்தத் தண்டுக்குள் நிற்குமா, நழுவுமா என்பதற்கான அளவு. அதில் இரண்டு விரக்கடை என்பது சிறிய விஷயமல்ல.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெரியவர்களின் உயரத்தில் தலை ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. பிறந்த குழந்தைக்கோ நாலில் ஒரு பங்கு. அவ்வளவு கனத்த தலையைத் தாங்கும் கழுத்துத் தசைகள் முதல் வருடத்தில் மிகவும் மென்மையானவை. சட்டென்று திரும்பி, சட்டென்று நிற்கும் வண்டியில் முதலில் அடிபடுவது அந்தக் கழுத்துதான்.

"மடியில் வைத்துக்கொள்கிறேனே"

நம் தாய்மார்கள் அடிக்கடி சொல்லும் சமாதானம் இது. பஸ்ஸிலும் ரயிலிலும் மடிதான் குழந்தையின் ஆசனம். ராட்டினத்தில் மட்டும் ஏன் கூடாது?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 36 கி.மீ. வேகம் என்பது விநாடிக்கு 10 மீட்டர். அந்த வேகத்தில் வரும் வண்டி அரை விநாடியில் நின்றால், பத்து கிலோ எடையுள்ள குழந்தை சுமார் இருபது கிலோ விசையோடு முன்னால் பாயும். எதிர்பாராத அந்த அரை விநாடியில் இருபது கிலோவை இரு கைகளால் பிடித்து நிறுத்த எந்தத் தாயாலும் முடியாது. பாசத்துக்கு அளவில்லை என்றாலும் கைகளின் பலத்துக்கு அளவு உண்டு.

இதெல்லாம் எங்கோ நடப்பது என்று எண்ண வேண்டாம். 2023 நவம்பரில் நம் திருப்பதியிலேயே, திருச்சானூர் சாலையிலுள்ள சில்பாராமத்தில், ஓடிக்கொண்டிருந்த ராட்டினத்திலிருந்து இரு பெண்கள் விழுந்து ஒருவர் உயிரிழந்தார். 2019 ஜூலையில் ஆமதாபாத் காங்கரியா ஏரிக்கரையில் ஊசல் ராட்டினம் ஒடிந்து விழுந்து இருவர் மாண்டனர். 2016 மே மாதம் கிஷ்கிந்தாவில் ஒரு ராட்டினத்தைச் சோதித்துப் பார்க்கையில் அது சரிந்து ஊழியர் ஒருவர் பலியானார். 2025 மே மாதம் சென்னை ஈஞ்சம்பாக்கம் பூங்காவில் ராட்டினம் அந்தரத்தில் நின்றுவிட, மேலே மாட்டிக்கொண்டவர்களைத் தீயணைப்புப் படையினர் ஏணி வண்டி கொண்டு இறக்கச் சில மணி நேரம் ஆயிற்று. நல்லவேளையாக உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் பால் குடிக்கும் குழந்தையைக் கீழே விட்டுவிட்டு மேலே ஏறிய தாய் அதில் ஒருத்தி இருந்திருந்தால் என்று நினைத்துப் பாருங்கள்.

தினந்தோறும் ஆயிரக்கணக்கானவர்கள் பத்திரமாக ஏறி இறங்குவதும் உண்மையே. பீதியைக் கிளப்புவது என் நோக்கமல்ல. ஆனால் ரயில்வேயில் ஒரு பெட்டி குறித்த காலத்தில் முழுப் பராமரிப்புக்கு வந்தாக வேண்டும். நம் திருப்பதிப் பெட்டிப் பழுதுபார்ப்புப் பணிமனையிலேயே அந்த வேலை நடக்கிறது. வேலை முடிந்து வெளியேறும்போது, அடுத்து எப்போது திரும்ப வேண்டும் என்ற தேதியைப் பெட்டியின் மேலேயே எழுதுவார்கள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். புதிய பாதையில் பயணிகள் வண்டி ஓட வேண்டுமானால் ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அனுமதி வேண்டும். அவர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார். ஓட்டுகிறவரும் சோதிக்கிறவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்பதே இதன் தத்துவம். ராட்டினங்களுக்கும் ஐ.எஸ். 15475 என்ற இந்தியத் தர விதிமுறை இருக்கிறது. கங்கம்மா ஜாத்திரை போன்ற விழாக் காலங்களிலும், பொருட்காட்சி மைதானங்களிலும் நாலு நாளில் பூட்டி நாலு நாளில் கழற்றும் ராட்டினத்தில், கடைசியாக யார், எந்தத் தேதியில் சோதித்தார் என்ற பலகை தொங்குகிறதா? டிக்கெட் வாங்குமுன் அதைக் கேட்கும் பழக்கம் நமக்கு வர வேண்டும். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குப் பலகை வந்துவிடும்.

பை காக்கும் பாட்டி

ராட்டினத்தில் ஏறுவதே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்த நாள் யாருக்கு எப்படிக் கழிகிறது?

சென்ற ஆண்டு நம்மவர்கள் சிலர் சேர்ந்து ஒரு பஸ் பேசிக்கொண்டு சென்னைப் பக்கமுள்ள ஒரு பூங்காவுக்குப் போனபோது நானும் உடன் சென்றேன். விடியற்காலை நாலரை மணிக்குப் புறப்பாடு. புத்தூர், நகரி, திருத்தணி, திருவள்ளூர் கடந்து, நகர நெரிசலில் நீந்திப் போய்ச் சேரும்போது பத்து மணி. பஸ்ஸில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து. இரண்டு குழந்தைகள் வழியிலேயே வாந்தி. உள்ளே நுழைந்ததும் இளைஞர்கள் நீர்ச்சறுக்குப் பக்கம் ஓடினார்கள். மர நிழலில் இருபது பைகள், ஐந்து குழந்தைகள், மூன்று தாய்மார்கள், இரண்டு பாட்டிமார்கள். "எனக்கென்னப்பா, நான் பையைப் பார்த்துக்கிறேன், நீங்க போயிட்டு வாங்க" என்றார் ஒரு பாட்டி. அந்தப் பாட்டி மாலை ஐந்து மணி வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை. குழந்தைக்குப் பால் கொடுக்க ஒரு மறைவான இடம் கேட்ட தாய்க்குக் காட்டப்பட்டது உடை மாற்றும் ஈரமான அறை. ஆளுக்குப் பணம் கட்டி உள்ளே வந்த அந்த ஐந்து பெண்களும் பார்த்தது ஒரு வேப்ப மரத்தை.

கட்டணம் எல்லோருக்கும் ஒன்றே என்றால் களிப்பும் எல்லோருக்கும் உரியதாக வேண்டாமா? டிஸ்னி பூங்காக்களில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. தந்தை ராட்டினத்தில் ஏறும்போது தாய் குழந்தையோடு வெளியே காத்திருப்பார். அவர் இறங்கியதும் குழந்தையை வாங்கிக்கொள்ள, தாய் மறுபடியும் வரிசையில் நிற்காமல் நேரே ஏறிக்கொள்ளலாம். இவ்வளவு தூரம் போவானேன்? நம் திருமலையிலேயே ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையோடு வரும் பெற்றோருக்கு சுபதம் வழியாகத் தனித் தரிசனம் இருக்கிறது. வைகுண்டம் காத்திருப்புக் கூடங்களில் குழந்தைகளுக்குப் பால் தருகிறார்கள். தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் 2015-லேயே தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. இலவசமாகச் சேவை செய்யும் இடங்களில் முடிகிற காரியம், ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் இடங்களில் முடியாதா? இவற்றைக் கேட்டு வாங்குவது நம் உரிமை.

குழந்தையின் தூக்கத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை என்று உலக சுகாதார அமைப்பு 2019-ல் வகுத்திருக்கிறது. பகல் தூக்கமும் அதில் அடக்கம். விடியுமுன் எழுப்பி, ஒலிபெருக்கிச் சத்தத்தில் பகலைக் கழித்து, நள்ளிரவில் வீடு சேர்க்கும் பயணத்தில் அதற்கு இடம் எங்கே? குழந்தை அழுதால் "வம்பு பண்ணுது" என்கிறோம். அது வம்பல்ல, முறையீடு. நீச்சல் குளப் பக்கம் இன்னும் எச்சரிக்கை தேவை. முழங்காலளவுத் தண்ணீர் நமக்கு விளையாட்டு, தவறி விழும் தளிர்நடைக் குழந்தைக்கு ஒரு சாண் தண்ணீரும் ஆபத்து.

அப்படியானால் வீட்டிலேயே கிடப்பதா?

"அதுக்கு என்ன தெரியும்? பெரிசானா ஞாபகமா இருக்கப் போகுது? பேசாம வீட்ல விட்டுட்டுப் போங்க" என்று சொல்லும் பெரியவர்களும் உண்டு. அவர்கள் கட்சியும் எனக்கு உடன்பாடில்லை. மூன்று வயதுக்கு முந்திய நிகழ்ச்சிகள் பெரும்பாலோருக்கு நினைவில் நிற்பதில்லை என்பது உண்மைதான். நினைவில் நிற்காது என்பதற்காக நாம் குழந்தைக்குச் சோறு ஊட்டாமல் இருக்கிறோமா? கதை சொல்லாமல் இருக்கிறோமா? அன்றைய மகிழ்ச்சி அன்றைக்கே உடம்பில் ஊறிவிடுகிறது. ஆகவே அழைத்துப் போக வேண்டும். அதன் அளவுக்கு ஏற்ற இடத்துக்கு அழைத்துப் போக வேண்டும். விரலுக்கேற்ற வீக்கம் என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

அப்படிப்பட்ட இடங்கள் நம் காலடியிலேயே இருக்கின்றன. 1987-ல் தொடங்கப்பட்ட ஸ்ரீ வெங்கடேஸ்வரா உயிரியல் பூங்கா, சேஷாசலம் மலையடிவாரத்தில் ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கிறது. நடக்க முடியாதவர்களுக்கு பாட்டரி வண்டி உண்டு. யானையைப் பார்க்க உயரக் கோல் கிடையாது. 1993-ல் வந்த வட்டார அறிவியல் மையத்தில் தொட்டுப் பார்க்கவும் சுற்றிப் பார்க்கவும் எத்தனையோ இருக்கின்றன. 1639-ல் சென்னைக் கோட்டைக்கு நிலம் கிடைத்த வரலாற்றோடு பெயர் இணைந்த சந்திரகிரிக் கோட்டை, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ராஜ மஹாலின் முன்னுள்ள புல்வெளியில் குழந்தையை இறக்கி விட்டால் போதும், அது தன் விளையாட்டைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும்.

சென்னைக்கே போக வேண்டுமென்றால், பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையை ஒட்டி 2002-ல் திறக்கப்பட்ட ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய எஞ்சின்களும் பெட்டிகளும் நிழலில் நிற்கின்றன. சிறுவர் ரயிலில் பாட்டியும் பேரனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து போகலாம். சொந்தத் தொழில் பாசத்தால் சொல்வதாக நினைத்தாலும் பாதகமில்லை.

பெரிய பிள்ளைகளின் ஆசையைக் கெடுப்பானேன் என்று கேட்கலாம். கெடுக்கவே வேண்டாம். பத்து வயதுப் பையன் தம்பிக்காகத் தன் ஆசையை வருடக்கணக்கில் ஒத்திப்போட வேண்டியதில்லை. அவனை அப்பாவோ சித்தப்பாவோ, தாய்மாமாவோ தனியாக ஒரு நாள் அழைத்துப் போகட்டும். அன்று அவனுக்கும் முழு விளையாட்டு கிடைக்கும். வீட்டிலுள்ள குழந்தைக்கும் முழுத் தூக்கம் கிடைக்கும். எல்லோரும் ஒன்றாகப் போகும் நாள் மட்டும் சின்னவரின் நாளாக இருக்கட்டும்.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம்

நம் சங்கத்தின் ஆண்டுச் சுற்றுலாவுக்கு இந்த முறையும் சென்னைப் பூங்கா ஒன்றையே பலர் முன்மொழிந்திருப்பதாக அறிகிறேன். செயற்குழு முடிவெடுக்குமுன் மூன்று யோசனைகளைப் பணிவுடன் வைக்கிறேன். குடும்பங்கள் யாவும் கலந்துகொள்ளும் சுற்றுலா ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குள் அடங்கும் இடத்துக்கு இருக்கட்டும். பூங்கா வேண்டுமென்கிற பெரிய பிள்ளைகளுக்காகத் தனியே ஒரு பஸ் விடுவோம், அதில் எட்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் மட்டும் போகட்டும். எங்கே போனாலும், குழந்தைகளையும் பைகளையும் மணிக்கு ஒருவராக முறை வைத்துப் பார்த்துக்கொள்ள ஒரு பட்டியல் போடுவோம். அதில் முதல் பெயர்கள் ஆண்களுடையதாக இருக்கட்டும். என் பெயரை முதல் மணிக்கு எழுதிக்கொள்ளலாம்.

நாம் பிறந்த ஊரை விட்டு வந்த குடும்பங்கள். அவசரத்துக்குக் குழந்தையைக் கொடுத்துவிட்டு வர அத்தையும் பெரியம்மாவும் பக்கத்துத் தெருவில் இல்லை. அந்தக் குறையை ஓரளவுக்காவது தீர்ப்பதற்குத்தான் சங்கம் என்று ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறோம். மேடையில் தமிழ் வளர்ப்பது அதன் ஒரு பணி என்றால், ஓர் இளம் தாயின் கையிலுள்ள குழந்தையை ஒரு மணி நேரம் வாங்கிக்கொள்வதும் அதன் பணிதான். அன்பர்கள் ஆலோசித்து, வரும் செயற்குழுக் கூட்டத்தில் தங்கள் கருத்தைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.